‘கேஸ் போட்டாச்சு’ என்றால் எந்த கேஸ்? குடும்ப நீதிமன்றம் எதற்கு, எப்படி?

‘அவங்க கோர்ட்டுக்குப் போயிட்டாங்களாம், கேஸ் போட்டாச்சாம்’ என்று ஒரு வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், கேட்பவர்கள் ஆளுக்கொன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒருவர் விவாகரத்து என்கிறார். இன்னொருவர் வரதட்சணை வழக்கு, கைது என்கிறார். மூன்றாமவர் ஜீவனாம்சம் என்று நினைக்கிறார். இவை மூன்றும் வெவ்வேறு மனுக்கள். எல்லாமே ஒரே நீதிமன்றத்துக்குப் போவதும் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு விலை கொடுப்பவர்கள் பலர். சம்மனைக் கையில் வாங்கினாலே தண்டனை என்று பயந்து தபால்காரரைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. ஜீவனாம்சம் கேட்டால் தாலியே போய்விடும் என்று பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக்கூட மனு போடாமல் வருடக்கணக்கில் திண்டாடும் பெண்களும் உண்டு. இரண்டு பயமும் தேவையில்லாதவை.

ரேஷன் கார்டைப் பிரிப்பதைப் போல

கூட்டுக் குடும்பத்திலிருந்து ஒருவர் தனிக்குடித்தனம் போகிறார். புதுக் கார்டு வேண்டுமென்றால், பழைய கார்டிலிருந்து முதலில் பெயரை நீக்க வேண்டும். வீட்டில் யார் பேச்சு தடித்தது, யார் முதலில் பெட்டியைக் கட்டினார்கள் என்பதற்காக வட்ட வழங்கல் அலுவலகம் யாரையும் தண்டிக்காது. இனி யார் எந்த வீடு, குழந்தையின் பெயர் எந்தக் கார்டில் என்பதைத்தான் அது பதிவு செய்யும்.

குடும்ப நீதிமன்றத்தின் அடிப்படை வேலையும் ஏறக்குறைய இதுதான். ஒரு குடும்பத்துக்குள் இனி யார் யாரோடு இருப்பது, யார் யாருக்குப் பணம் கொடுப்பது, குழந்தை எங்கே வளர்வது என்ற ஏற்பாட்டைச் சட்டப்படி எழுதிக் கொடுக்கிற இடம் அது. விவாகரத்துத் தீர்ப்பு வந்தாலும் யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை.

இந்த ஒப்புமை ஓர் இடத்தில் நின்றுவிடும். கார்டு அலுவலகம் ‘சேர்ந்தே இருங்களேன்’ என்று சொல்லாது. குடும்ப நீதிமன்றம் சொல்லும், சொல்லியே ஆக வேண்டும். 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், 9-வது பிரிவில், முதல் கட்டத்திலேயே சமரசத்துக்கு முயல்வதை நீதிபதியின் கடமையாக வைத்திருக்கிறது. மற்ற சிவில் வழக்குகளைப் போலக் குடும்பச் சண்டையை நடத்தக் கூடாது என்று சட்ட ஆணையம் 1974-லேயே தன் 59-வது அறிக்கையில் வலியுறுத்தியிருந்தது. அந்த எண்ணத்தின் விளைவுதான் இந்தத் தனி நீதிமன்றம்.

10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் இதைக் கட்டாயம் அமைக்க வேண்டும். மற்ற ஊர்களில் அமைப்பது மாநில அரசின் விருப்பம். சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இவை இயங்குகின்றன. குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊர்களில் இந்து திருமணச் சட்ட மனுக்கள் சார்பு நீதிமன்றத்துக்கும் (சப் கோர்ட்), ஜீவனாம்ச மனு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கும் (மாஜிஸ்திரேட் கோர்ட்) போகும்.

எந்தக் கதவைத் தட்டுவது?

வீடு தீப்பிடித்தால் அணைக்கத் தீயணைப்புத் துறை வரும். யாராவது கொளுத்தினார்களா என்று போலீஸ் விசாரிக்கும். எரிந்துபோன மனையை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ள சர்வேயர் வேண்டும். சர்வேயரிடம் போய்த் தீயை அணைக்கச் சொன்னால் ஆகாது. குடும்ப வழக்குகளிலும் இப்படி மூன்று கதவுகள் உண்டு.

அடி, கொடுமை, வரதட்சணைத் துன்புறுத்தல் ஆகியவை குற்றங்கள். இந்திய தண்டனைச் சட்டத்தில் முன்பு 498-ஏ என்று எல்லோரும் சொன்ன பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆம் பிரிவுகளாக இருக்கிறது. இதற்குப் புகார் தர வேண்டிய இடம் அனைத்து மகளிர் காவல் நிலையம். அங்கே இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி எழுதி வாங்குகிற கடிதம் விவாகரத்து ஆகாது. காவல் நிலையத்துக்குத் திருமணத்தை முடித்துவைக்கும் அதிகாரம் கிடையாது.

இரண்டாவது கதவு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம். ‘இன்று இரவு அடிக்காமல் இருக்க வேண்டும், வீட்டை விட்டு வெளியே தள்ளக் கூடாது’ என்ற அவசரத் தேவைக்கு இதுதான் பொருத்தம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும், கணவரோடு வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை இந்தச் சட்டம் பெண்ணுக்குத் தருகிறது. குடும்ப நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்கு நடந்தால், இதே நிவாரணங்களை அங்கேயே கேட்கவும் 26-வது பிரிவு இடம் கொடுக்கிறது.

மூன்றாவதுதான் குடும்ப நீதிமன்றம். விவாகரத்து, திருமணம் செல்லாது என்ற மனு, சேர்ந்து வாழக் கோரும் மனு, ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு, கணவன் மனைவிக்கு இடையிலான சொத்துத் தகராறு எல்லாம் இங்கே வரும். இது எல்லா மதத்தினருக்கும் பொது. எந்தச் சட்டப்படி தீர்ப்பு என்பது மட்டும் மாறும். இந்துக்களுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் (தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணங்களும் அதன் 7-ஏ பிரிவில் அடங்கும்), கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டம், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு அதே சட்டம். குலா முறையில், அதாவது மனைவியே கேட்டுப் பெறும் விவாகரத்தில், பிரிய விரும்பும் முஸ்லிம் பெண் ஜமாத் சான்றிதழை மட்டும் நம்பாமல் குடும்ப நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் கூறியது.

ஆக, குற்றத்துக்குக் காவல் நிலையம், உடனடிப் பாதுகாப்புக்கு நடுவர், நீண்டகால ஏற்பாட்டுக்குக் குடும்ப நீதிமன்றம். ஒரே குடும்பம் மூன்று இடத்திலும் வழக்கு நடத்தலாம். ஒன்று போட்டதால் மற்றொன்று ரத்தாகாது.

சம்மன் வந்த நாளிலிருந்து

மனு போட்டவர் மனுதாரர். பதில் சொல்ல வேண்டியவர் எதிர்மனுதாரர். இந்து திருமணச் சட்டப்படி பொதுவாக நான்கு இடங்களில் மனு போடலாம்: திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி மனு போட்டால் அவர் இப்போது வசிக்கும் ஊர். கணவர் கோவையில் போட்ட வழக்குக்குத் திருநெல்வேலியிலிருந்து கைக்குழந்தையோடு வந்துபோக முடியாது என்றால், வழக்கை மாற்றித் தரும்படி உயர் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். வெளிமாநில வழக்கென்றால் உச்ச நீதிமன்றம் போக வேண்டும்.

சம்மன் என்பது ‘இந்தத் தேதியில் வந்து உங்கள் தரப்பைச் சொல்லுங்கள்’ என்ற அழைப்பு மட்டுமே. அதை வாங்க மறுத்தால் வழக்கு நிற்காது. மறுத்ததையே ‘கொடுத்தாகிவிட்டது’ என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தேதியன்று வாசலில் நின்று பெயரைக் கூப்பிடுவார்கள். யாரும் முன்வராவிட்டால் ‘எக்ஸ் பார்ட்டி’, அதாவது ஒருதலைப்பட்சம் என்று குறிப்பு விழும். அதன்பின் மனுதாரர் சொல்வது மட்டுமே பதிவாகும். அப்படி விவாகரத்துத் தீர்ப்பே வந்துவிட்டால், அதை நீக்கக் கோரி 30 நாளுக்குள் மனு போட வேண்டும். சம்மன் முறையாகக் கிடைக்கவே இல்லையென்றால், தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து 30 நாள். ஒருதலைப்பட்ச ஜீவனாம்ச உத்தரவை நீக்கக் கோர 3 மாதம் உண்டு. குடும்ப வழக்குகளில் தவிர்த்திருக்கக்கூடிய கஷ்டங்களில் மிகப் பெரியது, சம்மனை வாங்காமல் விட்டதால் வருவதுதான்.

இருவரும் வந்தபின் ஆலோசகரிடம் அனுப்புவார்கள். ஆலோசகர் நீதிமன்றத்தோடு இணைந்தவர், இருவரிடமும் தனித்தனியாகவும் சேர்த்தும் பேசுபவர். சில வழக்குகள் சமரச மையத்துக்குப் போகும். சமரசம் என்றால் சேர்ந்து வாழ வைப்பது மட்டும் என்று பலர் நினைத்து, முதல் நாளே ‘எனக்கு இஷ்டமில்லை’ என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள். பிரிவது என்றே முடிவானாலும் நகை, பணம், குழந்தை மூன்றையும் பேசித் தீர்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒன்று மட்டும்: அங்கே சட்டெனக் கையெழுத்துப் போட வேண்டாம். எழுதியதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அவகாசம் கேளுங்கள்.

பேச்சு முறிந்தால் எதிர்மனுதாரர் எதிருரை தாக்கல் செய்வார். அதைத்தான் ‘கவுண்டர்’ என்கிறார்கள். பிறகு சாட்சியம், குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு. யாராவது ஒரு தரப்பு கேட்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்று குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11-வது பிரிவு சொல்கிறது. படுக்கையறை விஷயத்தை ஊர் முன்னால் சொல்ல வேண்டியிருக்குமே என்று தயங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. சட்டப்படி பார்த்தால், இங்கே வக்கீல் மூலம் வழக்காடுவது உரிமையாகவே தரப்படவில்லை, அனுமதியின் பேரில்தான். நடைமுறையில் அனுமதி சாதாரணமாகக் கிடைக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத பெண்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறார்கள். தொலைபேசி எண் 15100.

ஜீவனாம்சம்: தனி மனு, தனிக் கணக்கு

ஜீவனாம்சம் கேட்டால் விவாகரத்து ஆகிவிடும் என்பது தவறு. திருமணம் அப்படியே இருக்கும்போது, பிரிந்து வாழும் மனைவி தனக்கும் குழந்தைக்கும் மாதத் தொகை கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. விவாகரத்தாகி மறுமணம் செய்யாத பெண்ணும் இதில் கேட்கலாம். தங்களைப் பராமரித்துக்கொள்ள வழியில்லாத தாயும் தகப்பனும் கேட்கலாம், மகளிடமிருந்தும்கூட. விவாகரத்து வழக்கு நடக்கும்போது கேட்பது இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவில். அங்கே வருமானமில்லாத கணவனும் கேட்க முடியும்.

தொகை எப்படி முடிவாகிறது? 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படிவத்தைக் கட்டாயமாக்கியது. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், மாதச் செலவு அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் பட்டியல், வருமான வரிக் கணக்கு, வீட்டு வாடகை, பள்ளிக் கட்டண ரசீது எல்லாம் இதோடு சேரும். ‘அவர் மாதம் லட்ச ரூபாய் சம்பாதிக்கிறார்’ என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்புக் குறைவு. அவர் கட்டும் கார் கடன் தவணையின் ஆதாரம் அதைவிட அதிகம் பேசும். சம்பாதிக்கிற மனைவியும் கேட்கலாம். ஆனால் அந்தச் சம்பளத்தை மறைத்துப் பொய்ப் பத்திரம் போட்டால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும்.

அதே தீர்ப்பு இன்னொன்றையும் உறுதியாக்கியது. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும், உத்தரவு வந்த தேதியிலிருந்து அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மனு போட்டு 14 மாதம் கழித்து, மாதம் 8,000 ரூபாய் என்று உத்தரவு வருகிறது. அன்றைக்கே நிலுவை 1,12,000 ரூபாய். வாய்தா வாங்கிக்கொண்டே போனால் கொடுக்க வேண்டியது குறையும் என்று நினைப்பவருக்கு அது கூடிக்கொண்டுதான் போகிறது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்பது சட்டம். பல இடங்களில் இந்த 60 நாள் காப்பாற்றப்படுவதில்லை. சோறு, மருந்து, பள்ளிக் கட்டணம் சம்பந்தப்பட்ட மனு வாய்தாவில் கிடப்பது வருந்தத்தக்கது. ஒவ்வொரு வாய்தாவிலும் வக்கீல் இந்த 60 நாளை நினைவூட்டிக் கேட்க வேண்டும்.

உத்தரவு வந்தும் பணம் வரவில்லையென்றால்? நிலுவைக்குத் தனியாக மனு போட வேண்டும், தானாக எதுவும் நடக்காது. 144-வது பிரிவில் வாங்கிய உத்தரவானால், நீதிமன்றம் வாரண்ட் பிறப்பித்து வசூலிக்கும். காரணமின்றிக் கொடுக்காதவருக்கு ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறை போய் வந்ததால் கடன் தீர்ந்துவிடாது. இங்கே பலர் தவறவிடுகிற கெடு ஒன்று இருக்கிறது. வாரண்ட் கேட்கும் மனுவை, தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். உறவுக்காரர்கள் பேசி வாங்கித் தருவார்கள் என்று இரண்டு வருடம் காத்திருந்தால், முதல் வருட நிலுவையை இந்த வழியில் வசூலிப்பது சிக்கலாகிவிடும்.

மூன்று விஷயம் மனதில் இருக்கட்டும்: ஜீவனாம்சம் தனி மனு, மனுத் தேதியிலிருந்து கணக்கு, நிலுவைக்கு ஓராண்டுக் கெடு.

குழந்தை யாரிடம்?

‘ஐந்து வயது வரை அம்மா, அதற்குப் பிறகு அப்பா’ என்று ஒரு சூத்திரம் ஊரெல்லாம் சொல்லப்படுகிறது. இதில் பாதிதான் சரி. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அதற்குப் பிறகு தகப்பனிடம் ஒப்படை என்று எங்கும் சொல்லவில்லை. 13-வது பிரிவின்படி குழந்தையின் நலனே முதன்மை. யாருக்கு உரிமை அதிகம் என்பதை விட, யாரிடம் இருந்தால் பள்ளிக்கூடம் தடைப்படாது, யார் வீட்டில் கவனிக்க ஆள் இருக்கிறது, குழந்தைக்கு யாரிடம் ஒட்டுதல் என்பதையே நீதிபதி பார்ப்பார். விவரம் தெரிந்த குழந்தையென்றால் தன் அறைக்கு அழைத்து நேரடியாகப் பேசவும் செய்வார்.

பொறுப்பு ஒருவருக்கு என்றாலும் மற்றவருக்குப் பார்க்கும் உரிமை உண்டு. இதில் தகராறு வருவது பெரும்பாலும் உத்தரவு மேலோட்டமாக இருப்பதால்தான். ‘வாரம் ஒருமுறை பார்க்கலாம்’ என்று எழுதினால் ஒவ்வொரு வாரமும் சண்டை. ‘ஞாயிறு காலை 10 முதல் மாலை 5 வரை, இன்ன இடத்தில் ஒப்படைத்து அங்கேயே திரும்பப் பெற வேண்டும், பொங்கல் ஒருவரிடம், தீபாவளி ஒருவரிடம், கோடை விடுமுறையில் பாதி பாதி, புதன்தோறும் வீடியோ அழைப்பு’ என்று எழுதிக் கேளுங்கள். உடம்பு சரியில்லாத வாரத்துக்கு ஈடாக எந்த நாள் என்பதையும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. இந்த உத்தரவு கல்வெட்டு அல்ல. ஊர் மாறினாலோ பள்ளி மாறினாலோ திருத்தக் கேட்கலாம்.

பணம் வரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்டாமல் இருக்கக் கூடாது. குழந்தையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தவும் கூடாது. இரண்டும் தனித்தனி உத்தரவுகள்.

பிரிவதற்கான வழிகள்

இந்து திருமணச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். திருமணமாகி ஓராண்டு ஆகாமல், விதிவிலக்கான கடும் துன்பம் இருந்தாலொழிய, விவாகரத்து மனு போட முடியாது.

இருவரும் ஒத்துக்கொண்டால் 13-பி பிரிவு, அதாவது பரஸ்பர சம்மத விவாகரத்து. ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். கூட்டு மனு போட்டபின் 6 மாதம் காத்திருந்து, 18 மாதத்துக்குள் இருவரும் மீண்டும் வந்து உறுதி சொல்ல வேண்டும். பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது, சமரசம் தோற்றுவிட்டது, பணமும் குழந்தையும் பேசித் தீர்ந்துவிட்டன என்றால், இந்த 6 மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தளர்த்துவது நீதிபதியின் முடிவு. தீர்ப்புக்கு முன் ஒருவர் மனம் மாறினால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்துவிடாமல், ஒரு பகுதியை இறுதி நாளில் டிடியாகக் கொடுப்பதாக எழுதிக்கொள்வது வழக்கம்.

ஒப்பந்தத்தில் தவறுகிற இடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ‘நகைகளைத் திருப்பித் தர வேண்டும்’ என்று மட்டும் எழுதி, எத்தனை பவுன், என்னென்ன உருப்படி என்று எழுதாமல் விடுவார்கள். சீர்வரிசைப் பொருளுக்குப் பட்டியல் இருக்காது. காவல் நிலைய வழக்கு இதோடு முடிந்துவிடும் என்று நம்புவார்கள். அது முடியாது, அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் தனி மனு வேண்டும். குழந்தைக்கு இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று தாய் எழுதிக் கொடுப்பதும் உண்டு. அது குழந்தையின் உரிமை. தாய் எழுதிக் கொடுத்ததால் அது போய்விடாது.

ஒருவருக்கு விருப்பமில்லையென்றால் 13-வது பிரிவின் காரணம் ஒன்றை நிரூபிக்க வேண்டும். கொடுமை, இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் கைவிட்டுப் போனது, வேறொருவரோடு உறவு போன்றவை அதில் உண்டு. ‘ஒத்துவரவில்லை’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை. மீட்க முடியாதபடி உடைந்துபோன திருமணம் என்று சொல்லிப் பிரித்துவைக்கும் அதிகாரம் அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உண்டு என்பதை 2023 மே மாதத் தீர்ப்பு தெளிவாக்கியது. குடும்ப நீதிமன்றத்தில் அதைக் கேட்டுப் பயனில்லை.

சேர்ந்து வாழக் கோரும் மனு 9-வது பிரிவு. இதில் உத்தரவு வந்தால் போலீஸ் வந்து கூட்டிப்போய் விடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி யாரும் வர மாட்டார்கள். உத்தரவுக்குப் பின் ஓராண்டு சேர்ந்து வாழாவிட்டால், அதையே காரணமாக வைத்து இருவரில் யாரும் விவாகரத்து கேட்கலாம் என்பதுதான் முக்கிய விளைவு. இந்த உத்தரவைக் காட்டி மட்டும் மனைவியின் ஜீவனாம்சத்தை மறுத்துவிட முடியாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஏழு வருடக் கதையும் முத்திரைத்தாள் கதையும்

ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாக விவாகரத்து ஆகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஏழு வருடம் என்ற கணக்கு சட்டத்தில் இருக்கிறது, வேறு காரியத்துக்கு. ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்றே, தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு ஆண்டாகத் தகவல் இல்லையென்றால், அதைக் காரணமாக வைத்து மனு போடலாம். பக்கத்து ஊரில் இருப்பவருக்கு அது பொருந்தாது. இருபது வருடம் பிரிந்திருந்தாலும் தீர்ப்பு இல்லாமல் திருமணம் முடிவதில்லை.

முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி முத்திரை குத்தி, ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்திட்ட ‘தீர்த்துவிட்ட’ பத்திரமும் அப்படித்தான். சில சமூகங்களின் வழக்காற்று விவாகரத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு ஏற்கிறது. ஆனால் அந்த வழக்கம் தொன்றுதொட்டு மாறாமல் இருந்து வருவதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அது எளிதல்ல. அந்தக் காகிதத்தை நம்பி மறுமணம் செய்தால் இரண்டாவது திருமணம் செல்லாததாகிவிடும். அதில் அதிகம் பாதிக்கப்படுவது, எதுவும் தெரியாமல் வந்த அந்த இரண்டாவது மனைவி.

தீர்ப்புக்குப் பிறகு

எதிர்த்துப் போராடிப் பெற்ற தீர்ப்பின் மீது உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், இரண்டு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும். குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. மேல்முறையீடு செய்பவர் 30 நாளைக் கெடுவாக நினைத்து ஓட வேண்டும். மறுமணத்துக்கு நாள் பார்ப்பவர் 90 நாளும் கழியட்டும் என்று காத்திருந்து, மேல்முறையீடு எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பரஸ்பர சம்மதத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

தீர்ப்பு வாசித்த அன்றே நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் குறைந்தது இரண்டு வாங்கிவிடுங்கள். தீர்ப்பு ஒன்று, தீர்ப்பாணை (டிக்ரி) ஒன்று, இரண்டும் வேறு காகிதங்கள், இரண்டும் வேண்டும். வாங்கியவுடன் வாசலிலேயே நின்று பெயர், தகப்பனார் பெயர், திருமணத் தேதி மூன்றையும் ஆதார் அட்டையோடும் திருமணச் சான்றிதழோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் ரேஷன் கார்டு பெயர் நீக்கத்திலும் திருப்பி அனுப்பக்கூடும். அதைத் திருத்த அதே நீதிமன்றத்தில் ஒரு சிறிய திருத்த மனு போதும். வழக்குக் கட்டு பதிவறைக்குப் போய்விட்டால், அதைத் தேடி எடுக்கவே பல வாரம் ஆகும்.